பால் நிறுக்கும் இடத்துக்கு வந்து பார்த்துவிட்டுச் செயலியை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரம், பேச்சிப்பாறை, களியல், கீரிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வருகையையும் பால் கணக்கையும் நோட்டிலிருந்து கைப்பேசிச் செயலிக்கு மாற்ற நினைக்கும் தோட்டக்காரர்களுக்கும், அதை எழுதித் தரும் மென்பொருள்காரர்களுக்கும் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. செயலி வேண்டாம் என்பதல்ல எங்கள் கட்சி. அலுவலகத்துக்கு எழுதிய வருகைச் செயலியில் ‘ரப்பர்’ என்று ஒரு பக்கத்தைச் சேர்த்துவிட்டால் தோட்டத்தில் அது ஓடாது.

விடியுமுன் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் கூடுதல். வெயில் ஏற ஏறப் பால் வரத்துக் குறையும். அதனால்தான் பால்வடிப்புத் தொழிலாளி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரப்பட்டையை வெட்டத் தொடங்குகிறார். அந்த நேரத்தில் முகத்தைக் காட்டி வருகை போடச் சொன்னால், விளக்கொளி நேராகக் கேமராவில் அடித்து முகம் தெரியாது. விரல் ரேகையும் உதவாது. காய்ந்த ரப்பர் பால் விரலில் மெல்லிய தோலாகப் படிந்து ரேகையை மூடிவிடும். தொடுதிரையே பல நேரம் அந்த விரலை உணராது. மலைச்சரிவில், இலை அடர்ந்த மரத்தடியில் ஜி.பி.எஸ். பல மீட்டர் தள்ளிக் காட்டும். எல்லைக் கோட்டை இறுக்கமாக வைத்தால், தோட்டத்துக்குள் நிற்பவரையே ‘வெளியே இருக்கிறீர்கள்’ என்று தள்ளிவிடும். எனவே வருகையை வெட்டும் இடத்தில் கேட்காமல், பால் நிறுக்கும் இடத்தில் முதல் எடை ஏறும்போது சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். பாலோடு வந்தவர் வேலைக்கு வந்தவர்தானே?

எடைப் பதிவுதான் இந்தச் செயலியின் உயிர். வாளியிலிருந்து பால் சல்லடை வழியாகக் கேனில் விழுகிறது, தராசு 18.5 என்று காட்டுகிறது, பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். புள்ளி விழாமல் 185 என்று பதிவாக ஒரு நொடி போதும். திரையில் எண்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்க வேண்டும். அந்தப் பிளாக்கில், அதாவது ஒருவர் ஒரு நாளில் வெட்டும் மரத்தொகுதியில், வழக்கமாக வரும் எடையைப் போல இரண்டு மடங்கு ஏறினால் செயலி ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதிந்த எண்ணைத் தமிழில் உரக்கச் சொன்னால், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தயங்குபவரும் தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்வார்.

அடுத்தது டி.ஆர்.சி., அதாவது பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அதை அளக்கும் மிதவைக் கருவியான மெட்ரோலாக்கை மிதக்க விட்டால், அது காட்டும் அளவை 3-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கிய எண்ணைப் போடுவதா, பெருக்காததையா என்று செயலி சொல்லாவிட்டால் ஆளுக்கொரு விதமாகப் போடுவார்கள். கண்ணால் பார்த்த எண்ணை மட்டும் கேட்டு, பெருக்குவதைச் செயலி செய்யட்டும். விடை 25-க்குக் கீழோ 45-க்கு மேலோ வந்தால் மறுபடி பார்க்கச் சொல்லட்டும்; ஆனால் பதிவை மறுக்கக் கூடாது, மழைநீர் கலந்த பாலில் குறைவாகத்தான் வரும். 18.5 கிலோ பால், 34 சதவீதம் என்றால் உலர் ரப்பர் 6.29 கிலோ. இந்தக் கணக்கு முழுவதும் தொழிலாளியின் கண்முன் திரையில் தெரிய வேண்டும்.

வெட்டிலும் சிரட்டையிலும் தானாக உறைந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பாலுக்குத் தனிக் கட்டம் இல்லாத செயலியை வாங்கவே வாங்காதீர்கள்; திரவப் பாலின் சதவீதம் அதற்குப் பொருந்தாது. 2 கிலோ ஒட்டுப்பால் தவறிப் பால் கட்டத்தில் ஏறினால், அதையும் 34 சதவீதத்தால் பெருக்கி 680 கிராம் என்று காட்டிவிடும்.

மழையை நினைத்தே பார்க்காத செயலி இந்த மாவட்டத்துக்கு உதவாது. இரண்டு பருவமழையும் வாங்கும் ஊர் இது. ‘வந்தார்’, ‘வரவில்லை’ என்ற இரண்டு பொத்தான் எங்களுக்குப் போதாது. மழையால் வெட்டு இல்லை, வெட்டிய பிறகு மழை பெய்து சிரட்டைப் பால் கரைந்துபோனது, வெட்டுக்குப் பதில் மரத்தில் பிளாஸ்டிக் மழைத்தடுப்புக் கட்டினார் என மூன்றும் மூன்று விதம், கூலியும் ஒன்றல்ல. மூன்று நாளுக்கு ஒரு வெட்டு என்றால் ஒருவருக்கு மூன்று பிளாக், பிளாக்குக்குச் சுமார் 300 மரம். செவ்வாய்க்கிழமை மழை வந்தால் இரண்டாம் பிளாக் புதனுக்குத் தள்ளும். செயலியின் நாட்காட்டி தேதியைப் பிடித்துக்கொண்டு புதனன்று மூன்றாம் பிளாக்கைக் காட்டினால், அன்று முதல் எல்லாப் பாலும் வேறு பிளாக்கின் பேரில் ஏறும். எந்த மரங்கள் களைத்துவிட்டன என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கடைசியாக வெட்டிய பிளாக் எது என்று பார்த்து அடுத்ததைக் காட்டினால் தீர்ந்தது.

சிக்னல் இல்லாத இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சூப்பர்வைசர் மறுபடி அழுத்துவார். சிக்னல் வந்ததும் இரண்டு பதிவும் போய்ச் சேரும். மாதக் கடைசியில் ‘கூடுதல் பதிவு’ என்று பிடித்தம் வந்தால் தொழிலாளிக்கு யார் பதில் சொல்வது? ஒவ்வொரு எடைக்கும் கைப்பேசியிலேயே தனி எண் விழுந்து, அங்கேயே சேமிப்பாகி, எடுத்த நேரமும் அனுப்பிய நேரமும் தனித்தனியே பதிவானால் இந்தத் தொல்லை இல்லை.

திருத்தம் பற்றி அழுத்திச் சொல்கிறோம். நோட்டில் தவறு வந்தால் ஒரு கோடு அடித்துப் புது எண்ணை எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள்; பழைய எண்ணும் தெரியும். சேமித்த பின் தொடவே முடியாத செயலி வந்தால் நோட்டு மறையாது, ஒளிந்துகொள்ளும். சூப்பர்வைசர் முதலில் நோட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் ராத்திரி செயலியில் ஏற்றுவார், வேலை இரட்டிப்பாகும். அன்று மாலை வரை திருத்த விடுங்கள். பழைய எண் அடித்த கோட்டோடு நிற்கட்டும், சூப்பர்வைசரும் தொழிலாளியும் பார்க்கட்டும்.

சோதனையைப் பிப்ரவரியில் வைக்காதீர்கள். இலை உதிர்ந்து பல தோட்டங்களில் வெட்டு நிற்கும் காலம் அது. எந்தச் செயலியும் அப்போது நன்றாகத்தான் ஓடும். ஜூன் மாதம், மழை விட்ட ஒரு காலையில், வயதான இரண்டு பெண் தொழிலாளர்களோடு சேர்த்து ஐந்து பேரை வைத்து, பழைய ஆண்ட்ராய்டு போனில் எடை போட்டுப் பாருங்கள். மென்பொருள்காரர் வாய் திறக்காமல் தராசுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். ஒரு சுற்று வெட்டு முடியும்வரை நோட்டும் கூடவே இருக்கட்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போன பிறகு நோட்டை நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ரப்பர் தோட்டக் கணக்கு எழுதுவோர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.