டப்பாவில் இருப்பது ஆட்டுக் கொழுப்பா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஆறு மாதமாக எங்களிடம் பித்தவெடிப்புக் களிம்பு வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா போன வாரம் டப்பாவோடு வந்தார். "லேபிள்ல லானோலின்னு போட்டிருக்குதாம், பேரன் படிச்சுச் சொன்னான். நாங்க சைவம் தம்பி, ஆட்டுக் கொழுப்பை எப்படிக் கால்ல பூசுறது?" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பொடி எழுத்தில் பெயரைப் போட்டதோடு விட்டுவிட்டது எங்கள் தவறு. அதனால்தான் இந்த மடல்.

லானோலின் கொழுப்பு அல்ல, மெழுகு. செம்மறியாட்டின் தோலில் சுரந்து ரோமத்தில் படிந்து, மழைநீர் உள்ளே இறங்காமல் காக்கிறது. கத்தரித்த ரோமத்தைச் சுடுநீரிலும் சோப்பிலும் அலசும்போது அழுக்கோடு இதுவும் கழன்று வரும். அந்தத் தண்ணீரை வேகமாகச் சுழற்றிப் பிரித்து, சுத்தம் செய்து எடுக்கிறார்கள். கம்பளிக்கென்றே வளர்க்கும் மெரினோ ஆட்டின் அலசாத ரோமத்தில் எடைக்கு 10 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். நம்மூர் மேச்சேரி ஆட்டுக்கு இருப்பது வெறும் முடி, கம்பளி இல்லை. நீலகிரி ஆட்டுக்குக் கம்பளி உண்டு.

இதற்காக யாரும் ஆட்டை வெட்டுவதில்லை. ஆனால் கம்பளிக்கு வளர்க்கும் ஆடும் வயதானால் கசாப்புக்குப் போவதுண்டு. அதை மறைத்து "சுத்த சைவம்" என்று எழுத மனம் வரவில்லை. பாலைப் போல என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள், சிலருக்கு ஒப்பாது. முடிவு உங்களுடையது. (மருந்துக்கடையில் வாங்கும் வைட்டமின் டி3 மாத்திரையும் பெரும்பாலும் லானோலினிலிருந்துதான் தயாராகிறது. அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.)

பிறகு ஏன் சேர்க்கிறோம்? லானோலின் தண்ணீரில் கரையாது, ஆனால் தன் எடையைப் போல இரு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்து வெடித்த குதிகாலுக்கு வேண்டியது இதுதான். கிரேக்கர்கள் பழங்காலத்திலேயே கம்பளியை வேகவைத்து இதை எடுத்தார்கள். நாற்றமில்லாமல் சுத்தம் செய்யும் முறைக்கு 1882இல் ஜெர்மனியில் லீப்ரைஷ், பிரவுன் இருவரும் காப்புரிமை பெற்றார்கள்.

குளித்துவிட்டு வந்து, கால் முழுக்கக் காய்வதற்குள் பூசுங்கள். உலர்ந்த காலில் அப்பினால் பாதிப் பலன்தான். 40 டிகிரி வாக்கில் உருகும் பொருள் என்பதால் மார்கழியில் கல்லாக இருக்கும், உள்ளங்கையில் தேய்த்தால் இளகும். சித்திரை வெயிலில் உருகி ஓடினால் கெட்டுப்போயிற்று என்று நினைக்க வேண்டாம். பிசுபிசுப்பு உண்டு; சாக்ஸ் போட்டுப் படுக்காவிட்டால் போர்வை பாழ். டப்பாவின் அடியில் ஒட்டியிருப்பதை வழிக்க முடியாவிட்டால் அரிவாள்மனையில் தடவி வையுங்கள், துருப்பிடிக்காது. சமைக்குமுன் கழுவிவிடுங்கள்.

சிலருக்கு லானோலின் ஒவ்வாது. கரப்பான் (எக்ஸிமா) என்னும் தோல்நோய் உள்ளவர்களும் காலில் ஆறாத புண் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பூச வேண்டாம். மற்றவர்களும் முழங்கைக்கு உள்பக்கம் சில நாள் தடவிப் பாருங்கள். பாலூட்டும் தாய்மார் மார்புக்காம்பு வெடிப்புக்கு எங்கள் களிம்பைத் தொடவே வேண்டாம், இதில் வேப்பெண்ணெய் கலந்திருக்கிறது. அதற்கென்றே மிகச் சுத்தம் செய்த லானோலின் மருந்துக்கடையில் கிடைக்கும்.

அடுத்த மாதம் முதல் லேபிளில் "ஆட்டு ரோமத்து மெழுகு" என்று தமிழில் பெரிதாக இருக்கும். கோகம் பழக் கொட்டையிலிருந்து எடுக்கும் தாவர வெண்ணெய் சேர்த்த இன்னொரு களிம்பும் வருகிறது. இந்த அளவுக்கு ஈரம் பிடிக்காது, நாளுக்கு இரண்டு வேளை பூச வேண்டியிருக்கும். பழைய டப்பாவை மாற்ற விரும்புகிறவர்கள், பாதி தீர்ந்திருந்தாலும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் களிம்புக் கடையினர்