வீட்டு வேலையில் 'உதவி' என்ற சொல் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் லுங்கி நெசவை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டுக் குழித்தறியில் அப்பா நெய்வார். அம்மா ராட்டையில் தார் (குறுக்கு நூல் சுற்றிய சிறு குழல்) சுற்றுவார். விடியற்காலையில் தெருவில் பாவை, அதாவது தறிக்கான நெடுக்கு நூலை, நீட்டிக் கஞ்சி போடும் நாளில் தாத்தா முதல் சிறுவனான நான் வரை எல்லோரும் அதன் இருபுறமும் நிற்போம். அம்மா தார் சுற்றியதை அப்பாவுக்குச் செய்த உதவி என்று யாரும் சொன்னதில்லை. அது இல்லாவிட்டால் தறி நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுப்பங்கரை மட்டும் அன்றும் அம்மாவின் தலையில்தான் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்று எங்கள் வீட்டில் தறி இல்லை. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகளில் உள்ள காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் ஏராளமான பெண்களைப் போல என் மருமகளும், நான்கு மணிக்கே எழுந்து சமைத்து வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுகிறார். மகனும் வேலைக்குத்தான் போகிறான். மாலையில் இருவரும் ஒரே களைப்போடு திரும்பினாலும், அவன் டிவி முன் அமர்வதையும் அவர் அடுப்பு முன் நிற்பதையும் பல ஆண்டுகள் நான் இயல்பு என்றே எண்ணியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தவர் கிரைண்டர் அருகிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். வார விடுமுறை அவருக்கு மட்டும் கிடையாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். அந்த ஆண்களும் நூற்றில் 26 பேர்தான். மற்றவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

நாங்கள் உட்கார்ந்து பேசி வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். இரவுச் சமையல் வாரத்தில் மூன்று நாள் மகனுடையது. குழாய்த் தண்ணீர் பிடிப்பதும், ரேஷன் கடையும், காய் நறுக்குவதும் என்னுடையவை. முதலில் எதிர்த்தவர் என் மனைவிதான். ஆண்பிள்ளை பாத்திரம் துலக்குவதை அக்கம்பக்கம் பார்த்தால் என்ன நினைக்கும் என்று அவர் வருந்தினார். அந்த வருத்தம் தணியச் சில மாதங்கள் ஆயின. மகன் 'உதவுகிறேன்' என்று சொல்லும்போதெல்லாம் நான் திருத்தினேன். உதவி என்றால் வேலை வேறொருவருடையது என்று பொருள், விருப்பமில்லாத நாளில் அதை விட்டுவிடலாம். இப்போது எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பேத்திக்குப் பள்ளியிலேயே காலை உணவு கிடைப்பதும் பெரிய ஆறுதல். சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, பல ஆண்டுகளுக்குப் பிறகு, குடும்பத்தோடு மோர்தானா அணைக்குப் போய் வந்தோம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சமையல் குறிப்புகளையும் குழந்தை வளர்ப்புக் கட்டுரைகளையும் நாளிதழ்கள் பெரும்பாலும் மகளிர் பக்கத்திலேயே வெளியிடுகின்றன. அவற்றை எல்லோரும் படிக்கும் பொதுப் பக்கத்துக்கு மாற்றித் தாருங்கள். என் மகன் மகளிர் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க இன்னும் தயங்குகிறான்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் நெசவாளர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.