வளைந்த முழங்கையின் பக்கம் நின்றவர்களுக்கு

மதிப்புக்குரிய சுனில் பெர்னாண்டோ, அர்ஜுன ரணதுங்க, பேராசிரியர் புரூஸ் எலியட் ஆகியோருக்கும், பெயரைப் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்ட என் பாடசாலை விளையாட்டு ஆசிரியருக்கும்,

வணக்கம். உங்களில் முதல் மூவருக்கு என்னைத் தெரியாது. பந்தை வீசாமல் எறிகிறார் என்று குற்றம் சாட்டப்பட்ட முத்தையா முரளிதரன் என்ற சுழற்பந்து வீச்சாளரின் பக்கம் நீங்கள் நின்றீர்கள். அந்த உதவியில் ஒரு பங்கு, மாத்தளையில் மெட்டிங் விரித்த ஆடுகளத்தில் அவரைப் போலவே ஓப் ஸ்பின் என்ற சுழற்பந்தை வீசிக்கொண்டிருந்த எனக்கும் வந்து சேர்ந்தது. அதை உங்களுக்குத் தெரிவிக்காமலே இத்தனை ஆண்டுகள் இருந்துவிட்டேன்.

ஏழு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து என் வலது முழங்கை முறிந்தது. எலும்பு பொருந்திய பிறகும் கை முழுதாக நீளவில்லை. 1997ஆம் ஆண்டு, 17 வயதுக்குட்பட்டோருக்கான ஓர் ஆட்டத்தில், ஸ்கொயர் லெக்கில் நின்ற நடுவர் ஒரே ஓவரில் மூன்று முறை கையை நீட்டி "நோபோல்" என்றார்; நான் பந்தை வீசாமல் எறிகிறேன் என்பது அதன் பொருள். நான்காவது பந்தை வீசுவதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. மீதிப் பந்துகளைக் காலில் ஏதோ பிடித்துக்கொண்டதுபோல நடந்து வந்து, சுழற்றாமல் போட்டு முடித்தேன். அந்த நடுவர் மீது கோபமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் தம் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார் என்பதும் உண்மை. கண்ணுக்குத் தெரிவது போதுமா என்பதுதான் அன்று உலகம் முழுவதும் நடந்துகொண்டிருந்த வழக்கு.

சுனில் பெர்னாண்டோ அவர்களே, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகமாக வீசிக்கொண்டிருந்த 14 வயதுப் பையன் முரளியை ஓப் ஸ்பின் போட்டுப் பார்க்கச் சொன்னவர் நீங்கள். அவனுடைய வளைந்த கையை நேராக்க முயலாமல், அதன் போக்கிலேயே மணிக்கட்டைச் சுழலவிட்டதுதான் நீங்கள் செய்த பெரிய காரியம் என்று, இன்று நானும் ஒரு பயிற்றுநராக இருப்பதால் நினைக்கிறேன். நம்மில் பெரும்பாலானோர் அடுத்த நாளே நூலில் உள்ளபடி அவனைத் திருத்தியிருப்போம். 1991இல் அவர் நாட்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரரானார். மறு ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் திகதி கெத்தாராம மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டில் களமிறங்கினார்.

அர்ஜுன ரணதுங்க அவர்களே, உங்கள் அரசியலோடு எனக்கு உடன்பாடு இருந்ததில்லை; அது வேறு கணக்கு. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயர் ஏழு முறை நோபோல் என்று கூறியபோது, அணித்தலைவரான நீங்கள் முரளியை ஒளித்துவைக்கவில்லை. மறுமுனையிலிருந்து, இன்னொரு நடுவரின் பக்கத்திலிருந்து வீசவைத்தீர்கள். அடுத்த சில நாட்களில் பிரிஸ்பேனில் நடுவர் ரொஸ் எமர்சன், மணிக்கட்டால் சுழற்றும் லெக் பிரேக் பந்தை முரளி வீசியபோதும் நோபோல் என்றார். அப்படி வீசும்போது எறிவது எவ்வளவு கடினம் என்பதைப் பந்தைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். 1999 ஜனவரியில் அடிலெய்டில் அதே எமர்சன் மீண்டும் கை நீட்டியபோது, அவர் முகத்துக்கு நேரே நீங்கள் விரலை ஆட்டியதும், அணியைப் பவுண்டரிக் கோடு வரை அழைத்துச் சென்றதும் மரியாதையான செயல்களல்ல என்று அன்று பலர் எழுதினார்கள். நானும் ஓரளவு அப்படியே நினைத்தேன். ஆனால் தண்டப்பணமும் ஒத்திவைக்கப்பட்ட தடையும் உங்கள் தலையில் விழுந்தன; பந்து முரளியின் கையிலேயே இருந்தது. 303 ஓட்டங்களைத் துரத்திய அந்த ஆட்டத்தை, மகேல ஜயவர்தன 120 ஓட்டங்கள் எடுக்க, நம் அணி ஒரு விக்கெட்டால் வென்றது.

இருந்தாலும் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால், நான் அடிலெய்டைவிட 1998 ஓவல் டெஸ்டையே முதலில் சொல்வேன். நாணயச் சுழற்சியில் வென்று, நல்ல ஆடுகளத்தில் எதிரணியைத் துடுப்பெடுத்தாட அழைத்தீர்கள்; இரண்டு இன்னிங்ஸ்களுக்கு நடுவே முரளிக்கு ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்காக. 445 ஓட்டங்களை விட்டுக்கொடுத்த பின்னர், சனத் ஜயசூரியவின் 213உம் அரவிந்த டி சில்வாவின் 152உம் அந்த ஓய்வைத் தேடித்தந்தன. முரளி முதலில் 155 ஓட்டங்களுக்கு 7, பிறகு 65 ஓட்டங்களுக்கு 9 என 16 விக்கெட்டுகளை எடுத்தார். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து அவர் வீசியது 113 ஓவர்களுக்கு மேல். ஒரு தலைவர் தம் பந்துவீச்சாளரின் தோளைக் கணக்கில் வைத்து ஆட்டத்தையே திட்டமிட்டதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

பேராசிரியர் எலியட் அவர்களே, கை வளைந்திருக்கிறதா என்பது ஒருபோதும் கேள்வி அல்ல. வீசும் நேரத்தில் அது நிமிர்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த வேறுபாட்டை மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் 1996இல் நீங்களும் உங்கள் குழுவினரும், பிறகு ஹொங்கொங்கில் இன்னொரு பல்கலைக்கழகத்தினரும் அளந்து காட்டினீர்கள். பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கையும், மிகையாகச் சுழலும் தோளும் மணிக்கட்டும் சேர்ந்து, எறிவது போன்ற தோற்றத்தைத் தருகின்றன என்றீர்கள். உங்கள் அளவுகோல் ஒருதலைப்பட்சமானது அல்ல என்பதையும் நான் மதிக்கிறேன்: 2004இல் முரளியின் தூஸ்ராவை, அதாவது ஓப் ஸ்பின் போலவே வந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தை, அளந்தபோது கை சுமார் 14 பாகை நிமிர்வதாகக் கண்டு, பயிற்சியால் அதை 10 பாகையளவுக்குக் குறைக்க உதவினீர்கள். அப்போது சுழற்பந்துக்கு அனுமதி 5 பாகை மட்டுமே. அதே ஆண்டில், ஏறக்குறைய எல்லாப் பந்துவீச்சாளர்களின் கையும் ஓரளவு நிமிரத்தான் செய்கிறது என்று சோதனைகள் காட்டின. 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 பாகை என்ற ஒரே விதி வந்தது. முரளிக்காக வளைத்த சட்டம் என்று இன்றும் சிலர் சொல்வார்கள். எந்தக் குறையும் சொல்லப்படாத வேகப்பந்து வீச்சாளர்களின் அளவுகளை அவர்கள் பார்க்கவில்லை.

இனி உங்களுக்கு, சேர். அந்த மூன்று நோபோல்களுக்கு அடுத்த நாள் நீங்கள் எனக்கு ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவில் நடந்த ஆய்வைப் பற்றிய பத்திரிகைத் துணுக்கை மேசையில் வைத்து, "வாசி" என்றீர்கள். பிறகு பழைய பிஸ்கட் டின் ஒன்றை வெட்டி, தகரத்தை மூன்றாக மடித்து, ஓரங்களைச் சுத்தியலால் தட்டி, என் முழங்கையின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, துணிப்பட்டியால் இறுக்கிக் கட்டினீர்கள். கை அசைய வழியில்லை. "இப்ப போடு" என்றீர்கள். முதல் இரண்டு பந்துகள் உங்கள் தலைக்கு மேலே போயின. மூன்றாவது பந்து ஓப் ஸ்டம்புக்கு வெளியே குத்தி, நடு ஸ்டம்பைத் தட்டியது. சுழற்சி முழங்கையிலிருந்து வரவில்லை என்பதை என் கையே எனக்குச் சொல்லிவிட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, முரளி முழங்கையை அசையவிடாத கட்டு ஒன்றை அணிந்து, தூஸ்ரா உட்பட எல்லாப் பந்துகளையும் கமராவுக்கு முன்னால் வீசிக் காட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, நான் எழுந்து உங்கள் வீட்டுக்கு நடந்தேன். நீங்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "எங்கட தகரம் இதைவிட நல்லது" என்றீர்கள். முரளியின் தந்தையார் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர் என்பதை அன்றிரவுதான் இருவரும் நினைத்துப் பார்த்துச் சிரித்தோம்.

அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் வர்த்தக நிறுவன அணிகளுக்காக விளையாடினேன். பெரிய பெயர் எடுக்கவில்லை. ஆனால் எந்த நடுவரும் என்னைப் பார்த்து மீண்டும் கை நீட்டவில்லை.

ஸ்லிப்பில் நின்று முரளியின் பந்தில் 77 பிடிகளை எடுத்த மகேலவுக்கும், மறுமுனையில் சலிக்காமல் வீசிய சமிந்த வாஸுக்கும் என் நன்றி. 2002 ஜனவரியில் அஸ்கிரியவில் சிம்பாப்வேயின் முதல் ஒன்பது பேரையும் 51 ஓட்டங்களுக்கு முரளி எடுத்தபின், பத்தாவதை வாஸ் எடுத்துவிட்டதை நான் மன்னித்துவிட்டேன் என்றும் இங்கே பதிவு செய்கிறேன். 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில், பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து அதே மகேலவின் கைக்குப் போய், 800ஆவது விக்கெட்டாக முடிந்தபோது, டெஸ்டில் முரளி வீசிய கடைசிப் பந்தும் அதுவாகவே அமைந்தது. அன்று மாலை நான் ஆடிய ஆட்டத்தில் எனக்கு விக்கெட் கிடைக்கவில்லை. அது பற்றி யாரும் கேட்கவுமில்லை.

சேர், நீங்கள் வளைத்த தகரம் இன்றும் என் பையில் இருக்கிறது. ஓரங்கள் துருப்பிடித்துவிட்டதால் என்னிடம் பயிலும் பிள்ளைகளின் கையில் அதைக் கட்டுவதில்லை. கேட்டால் எடுத்துக் காட்டுவதோடு சரி.

நன்றியுடன்,
மாத்தளையிலிருந்து ஒரு முன்னாள் ஓப் ஸ்பின் பந்துவீச்சாளன்