நலச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் கோலப் போட்டி, கொசு மருந்து அடித்தல் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை போதிய உறுப்பினர்கள் வராமல் கலைந்தது.

பூங்காவின் இட்லிப்பூ வேலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனியிலேயே கொழுந்துகள் வெளுக்கத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் எலுமிச்சை மஞ்சள். யூரியா போடச் சொன்னார்கள், போட்டோம். தண்ணீரைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினோம். மேலும் வெளுத்தது. ஆவணிச் செயற்குழுவில், பிடுங்கிவிட்டுக் கம்பி வலை அடிக்கலாம் என்றே பெரும்பாலோர் பேசினார்கள். நான் மூன்று மாத அவகாசம் கேட்டேன். அதில் வருத்தப்பட்டவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

யூரியா தருவது தழைச்சத்து. அது குறைந்தால் அடி இலைதான் முதலில் பழுக்கும். கொழுந்து வெளுத்தால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். மண்வெட்டி போட்டதும் ஒரு சாண் ஆழத்தில் காரைக்கட்டி, உடைந்த ஓடு, மூட்டையோடு இறுகிப்போன சிமெண்ட். சுற்றுச்சுவர் கட்டியபோது ஒப்பந்தக்காரர் புதைத்துவிட்டுப் போனவை. இட்லிப்பூ எனும் வெட்சி செம்மண்ணில் செழிக்கும் செடி. நம் காவிரிக் கரைக் களிமண்ணோடு காரையும் ஆழ்குழாய் உப்புத் தண்ணீரும் சேர்ந்து காரத்தன்மை ஏறிவிட்டால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. தேங்கிய தண்ணீரில் பல வேர்கள் அழுகியும் இருந்தன.

காரையை அள்ளி, மட்கிய சாணம் இட்டு, ஐப்பசி மழைக்கு முன் வடிகால் வெட்டினோம். இரும்புச்சத்து தரும் அன்னபேதி உப்பு லிட்டருக்கு 5 கிராம், சில சொட்டு எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்த பிறகு, மழை விட்ட நாள் பார்த்து நான்கு முறை இலை மேல் தெளித்தோம். கார்த்திகையில் ஒரு காலை நுனிகளில் செம்பு நிறக் கொழுந்து தெரிந்தது. அது விரிந்து பச்சையாகும் வரை தினமும் போய்ப் பார்த்தேன். தையில் பூத்தது. மேற்கு மூலையில் பதினொரு செடிகளைக் காப்பாற்ற முடியவில்லை.

முதல் ஞாயிறு வேலைக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். மூன்றாவது ஞாயிறு நான்கே பேர். தெளிப்பானை இரவல் தந்து, தாமே தோளில் மாட்டிக்கொண்ட எதிர்வீட்டு அம்மாவுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. தலைவருக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் நன்றி.

வரவைவிடச் செலவு சற்றே கூடுதல். முன்னிருப்பைக் கொண்டு ஈடுகட்டினோம். கணக்கு தணிக்கையாகிவிட்டது. 64 வீடுகளில் 23 வீட்டுச் சந்தா நிலுவையில் நிற்கிறது. அவர்களில் பலர் தினமும் அந்த வேலியோரம்தான் நடைப்பயிற்சி செய்கிறார்கள். மாதம் ஐம்பது ரூபாய் யாருக்கும் முடியாத தொகை என்று நான் நினைக்கவில்லை.

வரும் ஆண்டில் மேற்கு மூலையில் மண்ணை மாற்றிப் புதுக் கன்று வைக்க வேண்டும், கோடையில் மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடிக்க வேண்டும். இரண்டுக்கும் இப்போதுள்ள கையிருப்பு போதாது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசல் மேசையில் இருக்கிறார். கூட்டம் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்