முதலில் நூல், அப்புறம் தடை

ஆத்தி ரிவர், கென்யா
18-1-2025

அன்புள்ள பூங்கொடி,

உன் கடிதத்தைப் பொங்கலன்று காலையில்தான் படித்தேன். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றதும் நிம்மதியாக இருந்தது. ஆனால் எட்டுத் தறியில் மூன்றை எடைக்குப் போட்டுவிட்டார் என்ற வரியை என்னால் சட்டென்று தாண்ட முடியவில்லை. அந்தத் தறிச் சத்தத்தில்தானே நாம் இரண்டு பேரும் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்தோம்!

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் ஸ்வாஹிலியில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "வெள்ளைக்காரன் கழித்துப் போட்ட துணியை இந்த ஆப்பிரிக்க நாடுகள் ஏன் இன்னும் இறக்குமதி செய்கின்றன? நம் தாத்தாக்கள் அந்நியத் துணியைத் தெருவில் போட்டு எரித்தார்களே, இவர்களுக்கு அந்த ரோஷம் இல்லையா?" என்று எழுதியிருக்கிறாய். 2017-இல் இங்கே வந்தபோது நானும் இதையே கேட்டேன். இப்போது என்னால் அப்படிக் கேட்க முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரோஷம் இல்லை என்று மட்டும் சொல்லாதே. 2016-இல் கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டா எல்லாம் சேர்ந்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம், 2019-க்குள் பழந்துணி இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்துவது என்று முடிவு செய்தது. அமெரிக்காவில் பழந்துணி ஏற்றுமதி செய்பவர்களின் சங்கம் உடனே தங்கள் அரசிடம் மனுக் கொடுத்தது, 40,000 அமெரிக்க வேலைகள் போய்விடும் என்று. அமெரிக்கா கையில் எடுத்தது அகோவா சட்டத்தை. ஆப்பிரிக்க நாடுகளின் சரக்கைச் சுங்க வரி இல்லாமல் உள்ளே விடும் சட்டம் அது, 2000-இல் வந்தது. நான் வேலை செய்யும் ஆடைத் தையல் ஆலை ஓடுவதே அதை நம்பித்தான். பழந்துணியைத் தடுத்தால் அந்தச் சலுகையைப் பறிப்போம் என்றார்கள். கென்யா முதலில் பின்வாங்கியது. தான்சானியாவும் உகாண்டாவும் அப்புறம் இறங்கி வந்தன. ருவாண்டா மட்டும் மசியவில்லை. கிலோவுக்கு 20 சென்ட் இருந்த வரியை இரண்டரை டாலராக உயர்த்தியிருந்தார்கள், அதைக் குறைக்க மறுத்தார்கள். 2018 ஜூலை கடைசியில் அவர்களுடைய ஆடைகளுக்கான வரிச் சலுகையை அமெரிக்கா நிறுத்தியது.

நீ ருவாண்டாவைக் கொண்டாடுவாய், எனக்கும் அதில் பெருமைதான். தன் சுங்க வரி எவ்வளவு என்பதை ஒரு நாடு தானே தீர்மானிக்கக் கூடாதா? அதற்கு இப்படித் தண்டிப்பது அநியாயம். ஆனால் கணக்கையும் பார். ருவாண்டா அந்தச் சலுகையில் அனுப்பிய ஆடைகள் மிகக் குறைவு. கென்யா அனுப்பியதோ வருடத்துக்கு 30 கோடி டாலருக்கு மேல். அவ்வளவு தையல்காரப் பெண்களின் சம்பளத்தைப் பணயம் வைத்து ரோஷம் காட்டு என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பெண்களோடுதான் நான் தினமும் வேலை செய்கிறேன்.

பழந்துணிக்கு இங்கே 'மிதும்பா' என்று பெயர், மூட்டைகள் என்று அர்த்தம். நைரோபியில் கிகோம்பா என்ற சந்தை முழுக்க அதுதான். மாதம் ஒருமுறையாவது போகிறேன். எனக்குப் பழக்கமான ஒரு அம்மா அங்கே குழந்தைகள் சட்டை மட்டும் விற்கிறார். (இங்கே அம்மாவை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல் என் வாயில் வர ஒரு வருடம் ஆயிற்று.) 45 கிலோ பேல் (மூட்டை) ஒன்றை வாங்குவார். வாங்கும் முன் பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள். பிரிக்கும்போது அவர் உதடு ஏதோ முணுமுணுக்கும், ஜெபம் என்று நினைக்கிறேன். நல்ல உருப்படிக்கு 'கேமரா' என்று பெயர், அது முதல் ஒரு மணி நேரத்தில் போய்விடும். அடியில் கிடப்பது 'ஃபாகியா', கூட்டித் தள்ளுவது. கேமரா நிறைய வந்தால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். ஃபாகியா நிறைய வந்தால் கடன்.

கையில் எடுக்கும் பனியன்களின் கழுத்துப் பட்டியைத் தடவிப் பார்ப்பது எனக்கு விட முடியாத பழக்கம். பல உருப்படிகள் நம்மூர்த் தையல். திருப்பூரிலிருந்து ஜெர்மனிக்குப் போய், துவைத்து வெளுத்து, கிகோம்பாவுக்கு வந்திருக்கின்றன.

2020-இல் கொரோனாவைக் காரணம் காட்டிச் சில மாதங்கள் மிதும்பா இறக்குமதியை நிறுத்திவைத்தார்கள். நீ கேட்கும் தடை எப்படி இருக்கும் என்று அப்போது கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தை உள்ளூர்த் துணி வந்து நிரப்பவில்லை. அந்த அம்மா கடையை மூடிவிட்டுத் தெருவோரத்தில் தக்காளி விற்றார். ஆகஸ்டில் தடையை எடுத்தபோது பேல் வாங்க அவரிடம் முதல் இல்லை.

ஆனால் உன் பக்கமும் வலுவான சாட்சி இருக்கிறது. கார்த் ஃப்ரேசர் என்ற பொருளாதார ஆய்வாளர் 2008-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1981 முதல் 2000 வரை ஆப்பிரிக்காவின் ஆடை உற்பத்தி சரிந்ததில் சுமார் 40 சதவீதத்துக்கும், வேலைவாய்ப்பு சரிந்ததில் 50 சதவீதத்துக்கும் பழந்துணி இறக்குமதிதான் காரணம் என்பது அவர் கணக்கு. அதை நான் தள்ளவில்லை. மீதிக்கு யார் பொறுப்பு? தொண்ணூறுகளில் கடன் கொடுத்தவர்கள் சொன்னபடி சந்தையைத் திறந்துவிட்டார்கள், ஆசியாவிலிருந்து மலிவான புதுத் துணி கொட்டியது. அந்த ஆசியாவில் நாமும் உண்டு, பூங்கொடி. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு துணிதான் வாங்குவோம் என்று பணக்கார நாடுகள் வைத்திருந்த கோட்டா 2005 ஜனவரியில் ஒழிந்தபோது திருப்பூரில் எல்லோர் முகத்திலும் எவ்வளவு சந்தோஷம்! நான் செக்கிங் சேர்ந்த புதிது, ஓவர்டைம் போட்டு மாளவில்லை. அதே மாதங்களில் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில் ஆலைகள் மூடி ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை இழந்தார்கள். இங்கே வந்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

சுதேசி உதாரணத்துக்கு என் பதில் இதுதான். அந்நியத் துணியை எரித்தபோது நம் நாட்டில் ராட்டையும் தறியும் நூற்கத் தெரிந்த கையும் இருந்தன. இங்கே நூல் எங்கே? எங்கள் ஆலையில் வெட்டுகிற துணி முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. அகோவாவில் அதற்கு இடம் உண்டு, வேறு நாட்டுத் துணியை வாங்கி இங்கே தைத்து அனுப்பினாலும் வரி கிடையாது. அதனால் தையல் வளர்ந்தது, நூற்பு வளரவில்லை. இங்கே எல்டொரெட் நகரில் ரிவடெக்ஸ் என்று பழைய ஆலை ஒன்று உண்டு. மூடிக் கிடந்ததை மோய் பல்கலைக்கழகம் வாங்கியது. இந்திய அரசின் கடனுதவியில் புது இயந்திரங்கள் போட்டு 2019-இல் திறந்தார்கள். இயந்திரம் இருந்தும் போதுமான பருத்தி கிடைக்காமல் அது திணறுகிறது. விலை நிச்சயம் இல்லாத பருத்தியை எந்த விவசாயி போடுவார்?

வெறும் தடை எப்படிப் போகும் என்பதற்கு நைஜீரியா இருக்கிறது. அங்கே பழந்துணி இறக்குமதிக்குச் சட்டப்படி தடை. ஆனாலும் பக்கத்து பெனின் நாட்டின் கோட்டோனு வழியாக மூட்டைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. உகாண்டாவில் ஜனாதிபதி முசெவேனி 2023-இல், இதெல்லாம் செத்த வெள்ளைக்காரர்களின் துணி, இனி வரக்கூடாது என்றார். கம்பாலா சந்தைகளில் விற்பனை இன்னும் நடக்கிறது.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது வேறு. 2019-இல் மட்டும் கென்யாவுக்கு 1,85,000 டன் பழந்துணி வந்தது. அதில் போடவே முடியாத கிழிசலும் கறையும் எவ்வளவோ. அந்தக் குப்பைக்கும் காசு கொடுத்து வாங்குவது அந்த அம்மா. அதைச் சுமப்பது நைரோபி ஆறு. இந்த ஜனவரி முதல் ஐரோப்பிய நாடுகள் பழந்துணியைத் தனியாகச் சேகரித்தே ஆகவேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. சேகரித்ததை எங்கே அனுப்புவார்கள்? அதே ஜனவரி முதல் தேதி இரவில் கானாவின் அக்ராவில் கான்டமான்டோ சந்தை எரிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெரிய பழந்துணிச் சந்தை, ஆயிரக்கணக்கான வியாபாரிகள் ஒரே இரவில் வெறுங்கையாக நின்றார்கள். தரம் பிரிக்காமல் கப்பலில் ஏற்றக்கூடாது, கழிவுக்கு அனுப்புகிறவன்தான் பணம் கட்டவேண்டும் என்று இந்த நாடுகள் சேர்ந்து கேட்டால் நான் முழு மனதோடு கைதட்டுவேன். தடைக்கு முன்னால் செய்யவேண்டியது அது.

இன்னொன்று, நம் ஊரைப் பார்த்து எனக்குத் தோன்றியது. 1983-இல் வந்த இலவச வேட்டி சேலைத் திட்டம் இல்லையென்றால் உங்கள் வீட்டுத் தறிகள் எத்தனை வருடம் ஓடியிருக்கும்? அரசு நிச்சயமாக வாங்கும் என்ற ஒரே தைரியத்தில்தான் பொங்கலுக்கு முந்தைய மாதங்களில் அப்பா நூல் எடுத்தார். இங்கே பள்ளிச் சீருடையைப் பெற்றோர் கைக்காசு போட்டு வாங்குகிறார்கள். அந்தத் துணியை அரசே உள்நாட்டு ஆலைகளிடம் வாங்கிக் கொடுத்தால் பருத்திக்கும் ஒரு விலை நிற்கும். நூல் வந்து, துணி வந்து, அது கிகோம்பா விலைக்குப் பக்கத்தில் வரட்டும். அப்புறம் வரியை ஏற்றலாம், தடையும் போடலாம்.

எங்கள் லைனில் இப்போது எல்லோர் பேச்சும் செப்டம்பரைப் பற்றித்தான். அகோவா அதோடு முடிகிறது, நீட்டிப்பார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. போன வாரம் ஓவர்லாக் ஓட்டும் ஒரு பெண் என்னிடம் வந்து, அக்டோபரில் வேலை இருக்குமா, நிலத்துக்கு முன்பணம் கட்டலாமா என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுது. சீருடைத் துணிக்கு நெசவாளர் சொசைட்டியில் மீட்டருக்குக் கூலி எப்படிக் கணக்குப் போடுவார்கள், நூலை யார் கொடுப்பார்கள், பணம் எத்தனை நாளில் வரும்? இங்கே கூட்டுறவுத் துறையில் வேலை செய்யும் ஒருவர் என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அப்பா பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
சாந்தி