தெளிந்த பாட்டிலை மட்டும் நம்பி வால்வைக் கொடுக்காதீர்கள்

திசு வங்கிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

தானமாக வந்த இதய வால்வை ஆன்டிபயாடிக் கரைசலில் ஊறவைத்து, கழுவி, ஒரு துண்டை வெட்டிக் கல்ச்சருக்கு, அதாவது கிருமி இருந்தால் வளரவிட்டுக் கண்டறியும் சோதனைக்கு, மீடியா (கிருமிக்கு உணவாகும் திரவம்) உள்ள பாட்டிலில் போடுகிறீர்கள். கிருமி வளர்ந்தால் பாட்டில் கலங்கும். 14 நாள் கழித்தும் பாட்டில் தெளிவாக இருந்தால் ‘கிருமி இல்லை’ என்று கையெழுத்தாகிறது. கிருமி இல்லாததால் தெளிந்ததா, மருந்து மிச்சமிருப்பதால் தெளிந்ததா என்று பார்த்தீர்களா?

திசு பஞ்சு மாதிரி. உறிஞ்சிய வான்கோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் மேலோட்டமாகக் கழுவினால் போகாது. மீடியாவில் மெல்லக் கசியும். கிருமி சாகாமல், வளராமல் அடங்கிக் கிடக்கும். நோயாளியின் உடம்பில் மருந்து நீர்த்துப்போனதும் தலைதூக்கும். கிருமிச் சோதனையில் வழக்கமாகப் பயன்படும் தயோகிளைக்கோலேட் மீடியாவே மருந்தை முறித்துவிடும் என்று நம்ப வேண்டாம். அது முறிப்பது பாதரசச் சேர்மங்களை. பெனிசிலினை முறிக்கும் நொதியான பெனிசிலினேஸைச் சேர்த்தாலும் வான்கோமைசினுக்கு ஒன்றும் ஆகாது.

கடைசிக் கழுவலுக்குப் பிறகு வெட்டிய, வழக்கமான அளவுத் துண்டை மீடியாவில் போட்டு, 100க்கு மிகாத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிகளை வேண்டுமென்றே சேருங்கள். திசு இல்லாத பாட்டிலிலும் அதே அளவு. 3 நாளுக்குள் இரண்டும் ஒன்றுபோலக் கலங்க வேண்டும். திசு உள்ள பாட்டில் பின்தங்கினால் மருந்து மிச்சம் என்று அர்த்தம். கழுவலைக் கூட்டுங்கள், அல்லது மருந்தை ஈர்க்கும் ரெசின் (பிசின் மணிகள்) உள்ள பாட்டிலுக்கு மாறுங்கள். சூடோமோனாஸ், கிளாஸ்ட்ரிடியம் ஸ்போரோஜெனிஸ் என்ற பாக்டீரியாக்களுக்கும் இதே சோதனை. கேண்டிடா என்ற பூஞ்சைக்கு 5 நாள். மருந்துக் கலவையோ ஊறும் நேரமோ மாறினால் திரும்பச் செய்தாக வேண்டும்.

திசுத் துணுக்கே மீடியாவைக் கலக்கிவிடுவதும் உண்டு. கண்ணால் பார்த்து ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். 14ஆம் நாள் ஒரு மில்லியாவது எடுத்துப் புது மீடியாவுக்கு மாற்றி, பழையது, புதியது இரண்டு பாட்டிலையும் இன்னும் 4 நாளாவது வைத்துப் பாருங்கள்.

2001 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாவில், முழங்காலில் தானத் திசு பொருத்தப்பட்ட 23 வயது இளைஞர் நான்கே நாளில் இறந்தார். காரணம் தானத் திசுவில் இருந்த கிளாஸ்ட்ரிடியம் சோர்டெல்லி என்ற பாக்டீரியா. தானம் தந்தவரின் உடல் 19 மணி நேரம் குளிரூட்டப்படாமல் இருந்திருக்கிறது. குடலிலுள்ள கிருமிகள் பரவ அது போதும். இவ்வகைக் கிருமிகள் உறங்குநிலையில் எடுக்கும் கெட்டி வடிவமான ஸ்போர்களை ஆன்டிபயாடிக் கொல்லாது. அதனால் ஊறவைப்பதற்கு முன்பே ஒரு கல்ச்சர் கட்டாயம் எடுங்கள். அதில் கிளாஸ்ட்ரிடியம் வந்தால், ஊறவைத்த பிறகு எடுத்த கல்ச்சர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்தத் திசுவை ஒதுக்கிவிடுங்கள்.

இனி திசுவை அனுப்ப அனுமதிக்கும் வெளியீட்டுச் சான்றில் முடிவுக்குப் பக்கத்தில் இரண்டு தகவல் இருக்கட்டும்: மருந்துக்கு முன் எடுத்த கல்ச்சரின் முடிவு, கிருமி சேர்த்துச் சரிபார்த்த கடைசித் தேதி. பொருத்தப்போகும் அறுவை மருத்துவர் இவை இரண்டையும் கேட்டு வாங்கட்டும்.

இப்படிக்கு,
திசு நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்கள்