கைக்குக் கூலி போடு, கண்ணு

கண்ணு,

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு சுடுமண் நகையையே தொழிலாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். அப்பாவுக்கும் எனக்கும் சம்மதம்தான். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நீ யோசிக்கவே வேண்டாம். கோவை செல்வபுரத்தில் தங்க நகைப் பட்டறை வைத்துப் பிழைக்கிற குடும்பத்துப் பெண் நகை செய்கிறேன் என்றால் அதில் யாருக்கு என்ன வருத்தம்? என் கவலை வேறு. தீபாவளிக்கு சிநேகிதிகளிடம் விற்ற கணக்கை அனுப்பினாயே, அதைப் பார்த்ததிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்றே இருந்தேன்.

ஒரு ஜோடி ஜிமிக்கி 150 ரூபாய். மண், வண்ணம், கொக்கி, டப்பா எல்லாம் சேர்த்து 60. மிச்சம் 90 லாபம் என்று எழுதிக் கீழே கோடு போட்டிருக்கிறாய். அது லாபம் இல்லை கண்ணு, உன் கூலி. கிண்ணம் திரட்ட, விளிம்பில் முத்து வரிசை ஒட்ட, காய்ந்தபின் தேய்க்க, சுட்டபின் இரண்டு தடவை வண்ணம் கொடுக்க, ஜோடிக்கு 2 மணி நேரம் ஆகிறது என்று நீயேதான் போனில் சொன்னாய். அப்படியானால் மணிக்கு 45 ரூபாய். வீட்டு வாடகையை இதில் எப்படிக் கட்டுவாய்?

நம் பட்டறைக் கணக்கை இத்தனை வருஷமாக எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். தங்கத்தில் உலோகத்துக்கென்று அன்றன்றைக்கு ஒரு விலை இருக்கிறது. நகை பிடிக்கவில்லை என்றால் உருக்கினால் போச்சு, தங்கம் தங்கமாகவே இருக்கும். செய்கூலி அதற்குமேல் தனி. பட்டறையைக் கூட்டி அள்ளிய குப்பையைக்கூட, அதில் தங்கத்தூள் இருக்கும் என்று காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் வருகிறது. உன் மண்ணுக்கு அந்த ஆதரவு கிடையாது. ஒருமுறை நன்றாகச் சுட்டுவிட்டால் மறுபடி குழைக்கவும் முடியாது. ஆக, வாங்குகிறவர் காசு கொடுப்பது உன் கை வேலைக்கு மட்டும்தான். அந்தக் கூலியை நீயே விட்டுக்கொடுத்தால் விற்க வேறு என்ன இருக்கிறது?

சேதாரமும் உண்டு. ஈரம் முழுசாகப் போகாத உருப்படி சூட்டில் ஆவி கட்டி வெடிக்கிறது. மண் காயும்போதும் சுருங்கும், சுடும்போதும் சுருங்கும். வேறு வேறு பிசைவில் எடுத்தால் இடதும் வலதும் ஒத்துப்போகாது. ஒன்று உடைந்தால் ஜோடியே போச்சு. 10 ஜோடி வைத்து 2 ஜோடி போனால், அதற்குச் செலவான மண்ணும் கூலியும் மீதி 8-ன் தலையில்தான் ஏற வேண்டும். மணிக்கு 100 ரூபாய் என்று கூலி போட்டுப் பார். 300-ஐ ஒட்டி வரும். கடையில் வைத்து விற்றால் அவர்கள் பங்கு வேறு. சொல்லக் கூச்சமாக இருக்கும், தெரியும். முதல் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டால் அப்புறம் வாய் பழகிவிடும்.

இந்த விலை எல்லாவற்றுக்கும் கிடைக்காது. அச்சில் அழுத்தி எடுத்து, பளபளவென்று வண்ணமடித்த ஜிமிக்கி ஊரெல்லாம் தொங்குகிறது. விலையில் அவர்களோடு நீ மோத முடியாது, மோதவும் வேண்டாம். நீ அனுப்பிய ஜிமிக்கிகளில் அப்பா வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தது அந்தக் கருப்பு ஜோடியைத்தான். அதே மண்தான், காற்றோட்டமாகச் சுட்டால் மண்ணில் இருக்கும் இரும்பு சிவப்பைத் தருகிறது, உமி போட்டு மூடிப் புகையை உள்ளேயே அடக்கினால் கருப்பு ஏறுகிறது. வண்ணமே வேண்டாம், உரிந்துபோகும் பயமும் இல்லை. கைத்தறிச் சேலைக்கு அதைவிட எடுப்பான நகை எனக்குத் தெரியவில்லை. கீழடியில் தோண்டி எடுத்த சுடுமண் மணிகளைப் பார்த்தாயானால் தெரியும், மேலே பூசாமல் எவ்வளவு அழகாக நிற்கிறது என்று. நீ இருக்கும் பெங்களூரிலேயே பாட்டரி டவுனில் குயவர்கள் சூளை வைத்திருக்கிறார்கள். போய்ப் பேசு. மாடியில் சட்டியை வைத்துச் சுட்டுக்கொண்டு தொழில் செய்ய முடியாது.

கொக்கி விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதே. மலிவான கொக்கியில் நிக்கல் கலந்திருக்கும், பல பேருக்கு அது ஒத்துக்கொள்ளாது. காது அரித்து, தண்ணீர் வடிந்து, புண்ணாகிவிடும். அப்படி ஒருத்திக்கு ஆகிவிட்டால் அவள் உன் மண்ணைத்தான் திட்டுவாள். 92.5 வெள்ளிக் கம்பி போடு. வெள்ளிபோக மீதி பெரும்பாலும் செம்புதான். அதற்கு ஆகும் காசையும் விலையில் சேர்.

கடைகளுக்குக் கடனுக்குக் கொடுக்காதே. அப்பாவுக்கு ஒரு கடைக்காரர் தர வேண்டிய கூலி ஒரு தைப் பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல்வரை இழுத்தது. அந்த வருஷம் உன் ஸ்கூல் பீஸுக்கு என் வளையல்தான் போனது. ஆர்டர் என்றால் பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கு.

வேலையை உடனே விடாமல், ஒரு வருஷம் முழுசாகப் பார்த்துவிட்டு விடு என்பதுதான் என் எண்ணம். நமக்கு ஆடியும் மார்கழியும் மந்தம். அங்கேயும் ஆஷாட மாதத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அப்புறம் வரமகாலட்சுமி விரதத்துக்கு வியாபாரம் பிடிக்கும். அந்த மந்தமான மாதங்களில் கையில் என்ன நின்றது என்று நோட்டில் தெரிந்தபின் ராஜினாமா எழுது. சம்பளம் வருகிறபோதே சூளைச் செலவுக்கும் ஸ்டால் வாடகைக்கும் தனியாக ஒரு கணக்கு ஆரம்பித்துவிடு.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதே. ஜிஎஸ்டிக்கு, பொருள் விற்கிறவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம்வரை பொதுவாகப் பதிவு வேண்டாம். ஆனால் வெளிமாநிலத்துக்கு பார்சல் அனுப்பினால் விதி வேறு. ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்.

அப்பா உனக்காக 20 கேஜ் கனத்தில் வெள்ளிக் கம்பி இழுத்து வைத்திருக்கிறார். கொக்கி வளைக்குமுன் ஜிமிக்கியின் மேல்துளை எவ்வளவு அகலம், ஒன்றின் எடை எவ்வளவு என்று தெரிய வேண்டுமாம். சமையலறைத் தராசில் நிறுக்காதே, சரியாக வராது. கிராமுக்குக் கீழேயும் காட்டுகிற தராசில் நிறுத்து, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குச் சொல்லிவிடு.

அம்மா